உள்ளங்காலில் ஊதாப் பொட்டு

எங்கள் சிறுவர் கால் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

போன கிழமை உங்களைப் பார்க்க வந்தபோது என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பிறக்கும்போதே பாதம் உட்பக்கம் திரும்பிய குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமல் செய்கிற வைத்தியங்களில் எது சிறந்தது என்பது ஒன்று. கருத்தரங்கு ஒன்றுக்கு ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கிறீர்களாம். மற்றது, சப்பாத்து இரண்டையும் இணைக்கும் கம்பியைப் பூட்டுவதற்கு முன்பு கோணல் பாதத்தின் உள்ளங்காலில் ஊதாப் பேனையால் ஒரு பொட்டு வைக்கிறோமே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பது. உங்களில் ஒருவர் அது ஏதோ வெளிநாட்டு வழிகாட்டியில் இருப்பதாக அடித்துச் சொன்னார். நான் தேநீரைக் குடித்துவிட்டு மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

அது எந்த வழிகாட்டியிலும் இல்லை. கொழும்புத்துறையில் ஒரு வீட்டு வாசலில் நின்று நான் வாங்கிக் கட்டிய ஏச்சிலிருந்து வந்தது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லப் போனாலும் அந்த வாசலுக்குத்தான் போய்ச் சேரவேண்டும். ஆகவே உங்கள் முன்னால் காட்டி வந்த கெத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நான் இயன்மருத்துவனாக வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது கையால் இழுத்து ஒட்டுநாடாவால் கட்டும் முறைதான். பிறந்த குழந்தையின் பாதத்தை நாளாந்தம் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் இழுத்து, இழுத்த இடத்தில் நிற்கும்படி நாடாவைச் சுற்றவேண்டும். மறுநாள் அதை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, திரும்பவும் கட்டவேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல கை என்று பெயர். அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவனும் நான்தான். என் பெருவிரலில் ஏதோ தெய்வம் குடியிருப்பதுபோல அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறேன்.

புத்தூரிலிருந்து ஒரு தாய் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு நாளாந்தம் வந்தார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற நாட்களில் வரவில்லை. மூன்று கிழமை கழித்து வந்தபோது பாதம் பழைய இடத்துக்கே போயிருந்தது. "நீங்கள் வராட்டில் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டு அனுப்பினேன். அந்த வீட்டில் வெங்காயத்தை யார் கிண்டுவது என்று நான் கேட்கவில்லை. என் பெருவிரலுக்கு அந்தக் கவலை இல்லை.

பிறகு இளம் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் எங்களிடம் மாற்றலாகி வந்தார். கிழமைக்கு ஒருமுறை பாதத்தை ஒழுங்காகத் திருப்பி, தொடை வரைக்கும் பிளாஸ்டர் போடுகிற முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஐந்தாறு பிளாஸ்டர், தேவையானால் குதிநாணில் ஒரு சின்ன வெட்டு, அதன்பிறகு இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் பூட்டி அணிவித்தல். முதல் மூன்று மாதமும் குளிக்க வார்க்கும் நேரம் தவிர நாள் முழுக்க. பிறகு நான்கு வயதுவரை நித்திரைக்கு மட்டும். நான் ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். "பச்சைப் பிள்ளையின்ரை காலைச் சீமெந்துக்கை வைச்சுக் கட்டுறாங்கள்" என்று கன்ரீனில் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒரு நாள், நான் எட்டு மாதம் இழுத்தும் வராத பாதம் ஒன்று ஆறு கிழமையில் வந்து நின்றதைப் பார்த்தேன்.

அன்று மாறியவன்தான். அதன்பிறகு பிளாஸ்டரைப் பற்றி அந்த நிபுணரை விட நான்தான் கூடக் கதைத்தேன். கிளினிக் சுவரில் பெரிய அட்டவணை ஒன்றை எழுதி ஒட்டினேன். ஒட்டுநாடா முறை, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்திய பழைய பிளாஸ்டர் முறை, இப்போதைய பிளாஸ்டர் முறை என்று மூன்று நிரல். எத்தனை தரம் வரவேண்டும், எத்தனை மாதம் எடுக்கும் என்று கீழே வரிசையாக எழுதியிருந்தேன். கடைசி வரிசை 'பிழைத்தால் காரணம்'. முதல் இரண்டு நிரலிலும் 'முறையின் குறைபாடு' என்று எழுதினேன். மூன்றாவதில் ஒரே ஒரு சொல்: 'பெற்றோர்'. வடிவான எழுத்து. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தடியை வைத்துத் தொட்டுத் தொட்டு விளக்குவேன். அந்த அட்டவணையில் என்னை எழுத எனக்கு ஓர் இடமும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில்தான் ரெஜினா வந்தாள். கொழும்புத்துறைப் பெண். கணவன் அந்தோனி கடலுக்குப் போகிறவன். அவள் நண்டு உடைத்துப் பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தாள். மகள் ஷரோனுக்கு இடது பாதம் மட்டும் கோணல். ஆறு பிளாஸ்டரில் பாதம் அழகாகத் திரும்பி வந்தது. நானே போட்ட பிளாஸ்டர் என்று ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சப்பாத்துக் கம்பி பூட்டுகிற நாள். ஒரு பாதம் மட்டும் கோணலான பிள்ளைக்கு அந்தக் காலின் சப்பாத்தை எழுபது பாகை அளவுக்கு வெளிப்பக்கம் திருப்பிப் பூட்டவேண்டும், நல்ல காலுக்கு நாற்பது போதும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வருகிற சப்பாத்துகளில் இடது வலது வித்தியாசம் இல்லை, இரண்டும் ஒரே அச்சு. நான் கம்பியை மேசையில் வைத்து, சப்பாத்துகளின் மூக்கு என்னைப் பார்க்கும்படி திருப்பித் திருகாணியை முறுக்கினேன். அன்றைக்கு வெளியிலிருந்து நாலைந்து பேர் கிளினிக் பார்க்க வந்திருந்தார்கள். கை திருகாணியில், வாய் அட்டவணையில். பூட்டி முடித்ததும் பிள்ளைக்கு அணிவித்து, ரெஜினாவுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்து அனுப்பினேன்.

இரண்டாம் கிழமையே திரும்பி வந்தாள்.

"சேர், பிள்ளை ஒரே அழுகை. வலது காலைத்தான் உதறுறாள். பாருங்கோ, சிவந்து கிடக்கு."

"வலது நல்ல கால்தானே தங்கச்சி. அதுக்கு ஒண்டும் செய்யாது. பழகும்."

"இல்லைச் சேர், இடது காலிலை ஒரு கரைச்சலும் இல்லை. நல்ல கால்தான்..."

"நீங்கள் கழட்டிக் கழட்டிப் போட்டால் பிள்ளை எப்பிடிப் பழகும்? விடாமல் போடுங்கோ."

தம்பி தங்கைகளே, இந்த உரையாடலை இன்னொருமுறை வாசியுங்கள். என்ன பிழை, எந்தக் காலில் பிழை என்று அவள் எனக்குச் சொல்லித் தந்துவிட்டாள். இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள நான் அதைக் கேட்டுவிட்டு, பழகும் என்றேன்.

அடுத்த மாதம் இடது பாதம் உள்ளுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. நான் கம்பியைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தேன்.

"வேலைக்குப் போறீங்களோ?"

"ஓம் சேர். ஒன்றரை மாசமாப் போறன். மாமிதான் பிள்ளையைப் பாக்கிறவ. அவ கழட்டிறேல்லை, சேர்."

"வேலையா பிள்ளையா எண்டு நீங்கள்தான் முடிவு செய்யவேணும்."

சொல்லிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்தேன். அவள் கொண்டுவந்த பிள்ளையின் கிளினிக் கொப்பியில், 'தாய் வேலைக்குச் செல்கிறார். பெற்றோரின் ஒத்துழைப்புப் போதாது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கோடு நேராக வரவேண்டும் என்று அடிமட்டம் வேறு வைத்தேன்.

அவள் வேலையை விட்டுவிட்டாள். அது எனக்கு அடுத்த மாதம்தான் தெரியும். நாள் முழுக்க பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அப்படி இருந்தும் பாதம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. நிபுணர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், சிவப்பு எழுத்தை வாசித்தார். இன்னொரு சுற்றுப் பிளாஸ்டர் போடலாம், ஆனால் வீட்டில் இப்படியே விட்டால் கடைசியில் பெரிய ஒப்பரேசன்தான் என்று சொன்னார். ரெஜினா அழவில்லை. பிள்ளையின் காலை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிளினிக்குக்குத் தகப்பனையும் கூட்டிவரச் சொன்னேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் என்னோடு நின்றார்கள். பெற்றோர் எப்படிப் பிழையாக அணிவிக்கிறார்கள் என்று அவர்களுக்குக் கண்முன்னே காட்டவேண்டும் என்று நினைத்தேன். சுருக்கமாகச் சொன்னால், அந்த இரண்டு பேரையும் ஆட்களுக்கு முன்னால் வைத்துப் பாடம் எடுக்க நினைத்தேன்.

"அந்தோனி, நீங்கள் வீட்டிலை போடுற மாதிரிப் போட்டுக் காட்டுங்கோ."

அவன் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினான். கால்மாட்டில் நான் வழக்கமாக உட்காருகிற கதிரையில் அவன் இருந்துவிட்டான். நிற்க வேறு இடம் இல்லாததால் நான் பிள்ளையின் தலைமாட்டுக்குப் போய் நின்றேன். குதியைச் சப்பாத்தின் அடிவரை தள்ளி, நடுவாரை முதலில் இழுத்து, குதி நகராதா என்று ஆட்டிப் பார்த்து, மற்ற வார்களைப் பூட்டினான். வலைக் கயிறு இழுக்கிற கை. நான் செய்து காட்டுவதை விடச் சுத்தமாகச் செய்தான். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று நான் குனிந்து பார்த்தேன்.

தலைமாட்டில் நின்றால் பிள்ளையின் இடதுதான் எங்களுடைய இடது. அத்தனை மாதமும் நான் கால்மாட்டிலிருந்துதான் அந்தப் பிள்ளையைப் பார்த்து வந்தேன். இப்போது என் இடது கைப்பக்கம் கோணல் பாதம் சும்மா நாற்பதில் நிற்கிறது. வலது கைப்பக்கம் நல்ல பாதம் எழுபதுக்கு முறுக்கி வெளியே நிற்கிறது. மேசையில் சப்பாத்தின் மூக்கு என்னைப் பார்க்க வைத்துப் பூட்டியபோது என்னுடைய இடதைப் பிள்ளையின் இடதாக எடுத்திருக்கிறேன். கோணல் காலுக்குத் தேவையான இழுவை இல்லை. குறை இல்லாத கால் மூன்று மாதமாக வதைபட்டிருக்கிறது. பூட்டியவனும் நான், ஒவ்வொரு முறையும் சரிபார்த்திருக்க வேண்டியவனும் நான்.

அந்த நிமிடத்தில் என் மூளை ஓடிய வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. 'கொஞ்சம் இறுக்கித் தாறன்' என்று சொல்லிக் கம்பியை உள்ளறைக்குக் கொண்டுபோகலாம். இரண்டு திருகாணியையும் தளர்த்தி மாற்றிப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். பாதம் இனிச் சரியாக வரும். வந்ததும், பார்த்தீர்களா, இப்போது ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்று பாராட்டியும் விடலாம். ஒருவருக்கும் தெரியாது. நிபுணர் பாதத்தைத்தான் பார்ப்பார், கம்பியைப் பார்க்கமாட்டார். உண்மையைச் சொல்கிறேன், என் கை ஸ்பானரை எடுத்தே விட்டது.

அப்போது ரெஜினா கேட்டாள்: "என்ன சேர், இவரும் பிழையாப் போட்டிட்டாரோ? நான்தான் காட்டிக் குடுத்தனான். பிழையெண்டா என்ரை பிழைதான்."

அந்தப் பெண் அடுத்த சிவப்புக் கோட்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.  ஸ்பானரை மேசையில் வைத்தேன்.

"இல்லைப் பிள்ளை. நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. கம்பியைக் கால்மாறிப் பூட்டினது நான்."

 புதியவர்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் என் அட்டவணை தொங்கியது. அந்தோனி எழும்பினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து நான் ஒரு அடி பின்னால் வைத்ததை மறைக்க விரும்பவில்லை. அவன் பிள்ளையின் சப்பாத்தைத்தான் கழற்றினான். வலது பாதத்தில் சிவந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். அது என் பெருவிரலை விட எவ்வளவோ நல்ல விரல்.

ரெஜினா சொப்பிங் பையிலிருந்து கொப்பியை எடுத்து நீட்டினாள்.

"இதிலை எழுதினதை வெட்டுங்கோ, சேர்."

வெட்டினேன். அதன் கீழே, 'தாயில் தவறில்லை. சப்பாத்தின் கோணங்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியவர் இயன்மருத்துவர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் வாசித்துப் பார்த்தாள். அது மட்டும் காணாது என்று தலையை ஆட்டினாள்.

"மாமிக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசிச்சுக் காட்டினாலும் நம்பமாட்டா. நான் வேலைக்குப் போய்த்தான் பிள்ளையின்ரை கால் இப்பிடிப் போனது எண்டு கோயில்லையும் சொல்லிப் போட்டா. நீங்கள் வந்து சொல்லுங்கோ."

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் போனேன். கொழும்புத்துறையில் கடலேரியைப் பார்த்த சின்ன வீடு. ரெஜினாவின் மாமி, அந்தோனியின் தாய், வாசலில் இருந்தபடி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் யார் என்று சொன்னதும் கதிரை எடுத்துவரச் சொல்லி மகனுக்குக் குரல் கொடுத்தா. வந்த விஷயத்தைச் சொன்னதும் கதிரை வேண்டாம் என்று குரல் கொடுத்தா.

"இடம் வலம் தெரியாதே உமக்கு?"

"தெரியும் அம்மா. அண்டைக்கு மாறிப் போச்சு."

"எத்தினை வருசமா உந்த வேலை செய்யிறீர்?"

சொன்னேன். அது உதவவில்லை.

"உம்மடை கதையைக் கேட்டு நான் இந்தப் பிள்ளையை இரண்டு மாசமா வாய்க்கு வந்தபடி ஏசிப் போட்டன். அவள் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை. இப்ப நான் எந்த முகத்தோடை அவளோடை கதைக்கிறது? சொல்லும் பாப்பம்!"

 கத்தி மீனில் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னா:

"சைவக்காரர் பிள்ளையளுக்குக் கண்ணூறு படாமல் உள்ளங்காலிலை பொட்டு வைக்கிறவை. கண்டிருக்கிறீரே? இனிமேல் கோணல் காலிலை நீரும் ஒரு பொட்டை வையும். பொட்டு இருக்கிற கால் எது எண்டாவது உமக்குத் தெரியும்தானே?"

ஏச்சாகத்தான் சொன்னா. நான் அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன். சத்திரசிகிச்சைக்கு முன் தோலில் அடையாளம் போடுகிற ஊதாப் பேனை ஒன்றை அடுத்த நாள் கேட்டு வாங்கினேன். ஷரோனுக்குத் திரும்ப மூன்று பிளாஸ்டர் போட்டோம். பிறகு கம்பி பூட்டிய அன்று, முதலில் அவளுடைய இடது உள்ளங்காலில் பொட்டு வைத்தேன். அதேபோல அந்தக் காலின் சப்பாத்திலும் ஒன்று வைத்தேன். பூட்டி முடித்ததும் தலைமாட்டில் நின்று பார்த்தேன். ரெஜினாவையும் நின்று பார்க்கச் சொன்னேன். அந்தப் பாதம் பிறகு திரும்பவில்லை. உங்கள் பொட்டு இதுதான். யாராவது ஆதாரம் கேட்டால் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மாமி என்று எழுதுங்கள்.

இனி உங்கள் அட்டவணை. ஒட்டுநாடா முறையில் ஒரு தாயின் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போகிறது. பிளாஸ்டர் முறையில் வருகிற நாட்கள் குறைவு. அதனால் எங்கள் குடாநாட்டுக்கு அதுதான் பொருத்தம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதில் நாலு வருட வேலையைத் தூக்கி வீட்டில் கொடுத்துவிடுகிறோம். கொடுத்துவிட்டு, பிழைத்தால் வீட்டுப் பிழை என்று எழுத எங்களுக்கு வசதியாக இருக்கிறது. ரெஜினாவைப் போல எத்தனை பேர் என் சிவப்பு எழுத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய கம்பியை நான் போய்ப் பார்க்கவில்லை. கம்பிக் காலத்துக்கு முந்திய புத்தூர்த் தாயையும் அப்படித்தான் பழி சொல்லி அனுப்பினேன். இது எனக்குக் கவலை. பிறகு அந்தச் சுவர் அட்டவணையைக் கிழித்தேன்; அன்றும் அந்தக் கவலை போகவில்லை.

நண்டு வேலை ரெஜினாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நானே போய் அங்கே மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாச்சு என்றார். அவள் இப்போது வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறாள்.

நான் ஓய்வுபெற்ற கடைசிக் கிளினிக் நாளில் ஷரோனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை. அந்த நீள நடைபாதையில் பிள்ளை ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் எந்தக் கால் கோணலாக இருந்தது என்று உங்களில் ஒருவரும் சொல்லமாட்டீர்கள். நானே ஒரு கணம் யோசித்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். போகும்போது ரெஜினா கேட்டாள்:

"சேர், அந்தச் சிவப்புப் பேனை இன்னும் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லைப் பிள்ளை. எப்பவோ எறிஞ்சிட்டன்."

பொய். அது என் லாச்சியில்தான் கிடந்தது. அவர்கள் வாசலைத் தாண்டியபிறகு எடுத்துக் குப்பையில் போட்டேன். உங்களுக்கும் ஒரு நாள் தாயைப் பற்றிக் கொப்பியில் நாலு சொல் எழுதக் கை துருதுருக்கும். எழுதுவதற்கு முன் எழும்பிப் போய், பிள்ளையின் தலைமாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள்.